காட்டுக் கச்சேரியை வீட்டுக்குள் கொண்டுவர முடியுமா? ஓரியின் கொல்லிமலையில் இருந்து ஒரு பலூன் வெடி ரகசியம்!

கொல்லிமலை-

ஏறத்தாழ 2 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு கொல்லிமலைக் காட்டுக்குள் ஒரு கச்சேரி நடந்தது.

என்னென்ன வாத்தியம் வாசித்தார்கள் என்ற பட்டியல் இன்றும் இருக்கிறது. யார் கேட்டார், என்ன சன்மானம் கொடுத்தார் என்ற விவரமும் இருக்கிறது. ஆனால் சத்தம் மட்டும் இல்லை!

அந்தச் சத்தத்தைப் பிடித்து வைக்க அன்றைக்குக் கருவி கிடையாது. இன்றைக்கு ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் செல்போன் வடிவில் கருவி இருக்கிறது. பிடித்த சத்தத்தை மெருகேற்றி, கச்சேரி மண்டபத்தில் உட்கார்ந்து கேட்பது போல வீட்டிலேயே கேட்க வைக்கும் கம்ப்யூட்டர் சாப்ட்வேர்களும் வந்துவிட்டன.

இது நிஜமா, ரீலா? எந்த அளவுக்கு நம்பலாம்? எங்கே ஏமாந்து போவோம்?

இதுபற்றிய சுவையான விவரம் வருமாறு:-

வேடனா, மன்னனா?

கொல்லிமலையை ஆண்டவன் வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களில் ஒருவன். ஆண்டுதோறும் ஆடி மாதம் 17, 18 தேதிகளில் இந்த மலையில் அரசு விழா எடுப்பது இவனுக்குத்தான். செம்மேட்டில் இவனுக்குச் சிலையும் உண்டு.

வன்பரணர் என்ற புலவர் தன் பாணர் கூட்டத்தோடு காட்டு வழியே போனார். அங்கே ஒரு வேடன். ஒரே அம்பு. யானை, புலி, மான், பன்றி என்று துளைத்துக்கொண்டு போய் கடைசியில் புற்றில் இருந்த உடும்பில் தைத்து நின்றது.

"இவன் சாதாரண வேடன் இல்லை. ஓரியாகத்தான் இருப்பானோ?" என்று புலவருக்குச் சந்தேகம். உடனே தன் கூட்டத்தைப் பார்த்து, பாடத் தயாராகுங்கள் என்கிறார்.

மேளத்துக்கு மண் பூசுகிறார்கள். யாழில் சுருதி கூட்டுகிறார்கள். யானைத் துதிக்கை போன்ற தூம்பு, எல்லரி, ஆகுளி, பதலை எல்லாம் வெளியே வருகின்றன. பதலையை மெல்லத் தட்டு என்று உத்தரவு வேறு. அதாவது, சவுண்டு எவ்வளவு வைக்க வேண்டும் என்பது வரை சொல்லி இருக்கிறார்!

21 துறையும் பாடி முடித்து, "அரசே" என்று கூப்பிட்டார்கள். அது தன்னைத்தான் குறிக்கிறது என்று தெரிந்ததும் அந்த வேடன் வெட்கப்பட்டான். அவன்தான் ஓரி. மான் கறி, மது, பொன், மணி எல்லாம் காட்டு வழியிலேயே கொடுத்து அனுப்பினான்.

இது புறநானூறு 152-வது பாட்டில் இருக்கும் செய்தி. கொல்லிமலையில் நடந்த கச்சேரிக்கு இதைவிடப் பழைய "ரிப்போர்ட்" வேண்டுமா?

இசைக்கும் இந்த மலையின் பெயருக்கும் இன்னொரு ஒற்றுமையும் உண்டு. தேவாரப் பண்களில் ஒன்றுக்குப் பெயரே கொல்லிப் பண். அப்பர் பாடிய முதல் பதிகம் இந்தப் பண்ணில்தான் அமைந்துள்ளது. இப்போது ஓதுவார்கள் நவரோஜ் ராகத்தில் பாடுகிறார்கள்.

70 வளைவு

பாட்டு பிறந்த மலை. ஆனால் இன்றைக்கு இந்த மலையில் இருப்பவர் ஒரு பெரிய கச்சேரி கேட்க வேண்டும் என்றால் என்ன பாடு?

சோளக்காட்டில் இருந்து காரவள்ளி அடிவாரம் வரை 70 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். அப்புறம் நாமக்கல், சேலம் என்று பஸ், ரெயில் பிடித்து சென்னை போய்ச் சேர வேண்டும். டிக்கெட், லாட்ஜ், சாப்பாடு என்று மாதச் சம்பளத்தில் ஒரு பங்கு காலி.

இத்தனையும் செய்து போனால் பாட்டு கேட்கும் என்பது நிச்சயமா? அதுவும் இல்லை!

2023-ம் ஆண்டு செப்டம்பர் 10-ந்தேதி சென்னை கிழக்கு கடற்கரை சாலை பனையூரில் ஏ.ஆர்.ரகுமானின் "மறக்குமா நெஞ்சம்" நிகழ்ச்சி நடந்தது. கையில் டிக்கெட் வைத்துக்கொண்டே உள்ளே நுழைய முடியாமல் ஏராளமானோர் திரும்பினார்கள். உள்ளே போனவர்களிலும் பின்னால் நின்றவர்கள், பாட்டு சரியாகவே காதில் விழவில்லை என்று புகார் சொன்னார்கள். ரகுமான் வருத்தம் தெரிவித்தார். உள்ளே வர முடியாதவர்கள் டிக்கெட் நகலை அனுப்பும்படி கேட்டுக்கொண்டார்.

மைதானத்தில் பின்னால் நிற்பவருக்கு இயற்கையிலேயே ஒரு கஷ்டம் உண்டு. சத்தம் ஒரு வினாடியில் சுமார் 340 மீட்டர்தான் போகும். மேடையில் இருந்து 100 மீட்டர் தள்ளி நின்றால், பாடகர் வாய் அசைந்து கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வினாடி கழித்துத்தான் பாட்டு வரும். அதைச் சரிக்கட்டத்தான் நடுவில் தனி ஸ்பீக்கர் கோபுரம் வைத்து, அதில் இருந்து வரும் சத்தத்தைக் கொஞ்சம் தாமதப்படுத்தி விடுகிறார்கள்.

"இந்தத் தொல்லைக்கு வீட்டிலேயே கேட்டுவிடலாம்" என்று ஜனங்கள் நினைப்பதில் தப்பு இல்லை.

லண்டனில் ராஜா

இதற்கு நேர் எதிரான பேச்சும் உண்டு.

2025-ம் ஆண்டு மார்ச் 8-ந்தேதி லண்டன் அப்பல்லோ அரங்கில் இளையராஜாவின் "வேலியண்ட்" சிம்பொனி அரங்கேறியது. ராயல் பில்ஹார்மோனிக் வாத்தியக் கோஷ்டி வாசித்தது. சென்னை திரும்பிய ராஜா, இதை டவுன்லோடு செய்து கேட்க வேண்டாம், நேரில் கேட்டு அனுபவியுங்கள் என்ற பொருளில் ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார்.

ராஜா ஏன் அப்படிச் சொன்னார்? நேரில் இருப்பதில் என்ன, வீட்டில் இல்லாததில் என்ன? அந்த வித்தியாசத்தைத்தான் சாப்ட்வேர் ஈடுகட்டப் பார்க்கிறது.

சத்தம் செய்யும் மாயம்

மண்டபத்தில் ஒருவர் பாடுகிறார். அவர் குரல் நேராக உங்கள் காதுக்கு வருகிறது. அது ஒன்று.

அதே குரல் பக்கத்துச் சுவரில் மோதி, கூரையில் மோதி, பின்சுவரில் மோதி, ஒன்றன் பின் ஒன்றாக வந்து சேர்கிறது. ஆயிரக்கணக்கான குட்டி எதிரொலிகள். இவை எல்லாம் சேர்ந்துதான் "பெரிய மண்டபம்" என்று மூளைக்குச் சொல்கின்றன. கண்ணை மூடிக்கொண்டாலும் கோவில் மண்டபமா, குளியல் அறையா என்று தெரிவது இதனால்தான்.

இடது காதுக்கும் வலது காதுக்கும் சத்தம் வந்து சேரும் நேரத்தில் உள்ள வித்தியாசம், வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடக் கிடையாது. அந்தத் துளி வித்தியாசத்தை வைத்தே வயலின் எந்தப் பக்கம், மிருதங்கம் எந்தப் பக்கம் என்று மூளை துப்பு துலக்கிவிடுகிறது. போலீஸ் நாய் தோற்றது!

இந்த எதிரொலியை முதலில் அளந்து கணக்குப் போட்டவர் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் வாலஸ் சாபின். 1895-ம் ஆண்டு அங்கே ஒரு லெக்சர் ஹாலில் பேசியது யாருக்கும் புரியவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் சுமார் ஐந்தரை வினாடி சுற்றிச் சுற்றி முழங்கியது.

சாபின் என்ன செய்தார்? ராத்திரி வேளையில் பக்கத்து அரங்கத்து நாற்காலி மெத்தைகளை எல்லாம் தூக்கி வரச் செய்தார். மெத்தை கூடக்கூட எதிரொலி எவ்வளவு குறைகிறது என்று கடிகாரம் வைத்து அளந்தார். அதில் கிடைத்த கணக்கை வைத்துக் கட்டியதுதான் 1900-ல் திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹால். அங்கே எதிரொலி சுமார் 2 வினாடி. உலகத்தில் நல்ல சங்கீத மண்டபங்களில் ஒன்று என்று இன்றும் பெயர்.

பலூன் வெடித்தது

இனி வருவதுதான் படு சுவாரசியம்.

துருக்கி நாட்டு இஸ்தான்புல் நகரில் ஹாகியா சோபியா என்ற பிரமாண்ட கட்டிடம் உள்ளது. கி.பி. 537-ல் கட்டி முடித்த மாதா கோவில். பிறகு மசூதி ஆனது. பிறகு மியூசியம் ஆனது. 2020 முதல் மீண்டும் மசூதி. அந்தக் காலத்துக் கிறிஸ்தவப் பாடல்களை உள்ளே பாடிப் பார்க்க வழி இல்லை.

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆட்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். அது மியூசியமாக இருந்தபோதே உள்ளே போய் பலூனை வெடிக்க வைத்தார்கள். "டப்!" அவ்வளவுதான். அந்த ஒரு வெடிச் சத்தம் அடங்க சுமார் 11 வினாடி ஆனது. அதை மைக்கில் பதிவு செய்துகொண்டு ஊர் திரும்பினார்கள்.

அந்த "டப்" சத்தத்துக்குள் அந்தக் கட்டிடத்தின் கைரேகை முழுவதும் பதிந்து இருக்கிறது. எந்தச் சுவர் எவ்வளவு நேரத்தில் திருப்பி அனுப்புகிறது, எந்தச் சத்தத்தை கல் விழுங்குகிறது, எல்லாம் அதில் அடக்கம்.

அந்தக் கைரேகையை கம்ப்யூட்டரில் போட்டு, சாதாரண அறையில் பாடிய குரலோடு கணக்குப் போட்டுக் கலந்தார்கள். உடனே குரல் ஹாகியா சோபியாவுக்குள் பாடியது போல மாறிவிட்டது! 2019-ல் கப்பெல்லா ரொமானா என்ற குழு இந்த முறையில் இசைத்தட்டே வெளியிட்டது. ஹாகியா சோபியாவில் ஒரு வரிகூடப் பாடாமல், அங்கே பாடியது போல ஒரு ரிக்கார்டு.

இன்று வீட்டுக் கம்ப்யூட்டர் சாப்ட்வேரில் "சர்ச்", "ஆடிட்டோரியம்", "ஸ்டேடியம்" என்று பெயர் போட்டு பட்டன் இருப்பதைப் பார்க்கலாம். நல்ல சாப்ட்வேராக இருந்தால் அதற்குப் பின்னால் இப்படி ஒரு நிஜ மண்டபத்தின் கைரேகை இருக்கும். மட்டமான சாப்ட்வேர் என்றால் சும்மா சத்தத்தை இழுத்து விடும். பாட்டு கிணற்றுக்குள் இருந்து வருவது போல இருக்கும்.

கொல்லிக்கு ஒரு கோலி

"மண்டபம் சரி. ஓரி கச்சேரி கேட்டது காட்டில் ஆயிற்றே?" என்று கேட்கலாம். காட்டுக்கும் கைரேகை உண்டு.

இங்கிலாந்தில் யார்க் பல்கலைக்கழகம் "ஓபன்ஏர்" என்ற பெயரில் உலகத்தின் பல இடங்களில் எடுத்த எதிரொலிகளைச் சேர்த்து வைத்திருக்கிறது. அதில் பின்லாந்து நாட்டு மலைக்காடு ஒன்றின் எதிரொலியும் இருக்கிறது. கோடையில் எடுத்தது தனி, பனிக்காலத்தில் எடுத்தது தனி.

அந்தக் காட்டின் பெயர் என்ன தெரியுமா? கோலி! அங்கே கோலி, இங்கே கொல்லி.

காட்டில் கூரை கிடையாது. சத்தம் மேலே போய்விடும். மரங்கள் மட்டும் கொஞ்சம் சிதறடித்துத் திருப்பித் தரும். ஆகவே காட்டுக் கச்சேரியை "ஆடிட்டோரியம்" பட்டனில் போட்டுக் கேட்டால் தப்பு. எதிரொலி மிகக் குறைவாக, மேளத் தட்டு ஒவ்வொன்றும் பளிச் பளிச் என்று தனியாகத் தெரிய வேண்டும். ஊர்த் திருவிழாவில் திறந்தவெளியில் தவில் வாசிப்பதைக் கேட்டவர்களுக்கு இது புரியும்.

கோலிக்குச் செய்ததைக் கொல்லிக்கும் செய்யலாம். ஒரு நல்ல மைக், ஒரு பலூன் இருந்தால் போதும். சோலைக்காடு, அருவிப் பள்ளத்தாக்கு, கல் மண்டபம் என்று இடத்துக்கு ஒன்று எடுத்து வைக்கலாம். ஆனால் கோவிலுக்குள் என்றால் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி இல்லாமல் "டப்" என்று வெடித்தால் பக்கத்தில் இருப்பவர்கள் சும்மா விடமாட்டார்கள்.

முதலில் கையைத் தட்டுங்கள்

இனி வீட்டு விஷயம்.

சாப்ட்வேர் வாங்கும் முன்னால் வீட்டுக்குள் நின்று கையை ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். "டங்" என்று கணீர் எதிரொலி வந்தால், அந்த அறையே குற்றவாளி. டைல்ஸ் தரை, வெறும் சுவர், கான்கிரீட் கூரை உள்ள வீடுகளில் இந்தத் தொல்லை அதிகம். அதன் மேல் சாப்ட்வேர் எதிரொலியும் சேர்ந்தால் எதிரொலிக்கு எதிரொலி ஆகிவிடும்.

மருந்து சுலபம். சாபின் செய்ததுதான். தரையில் ஜமுக்காளம், ஜன்னலுக்குத் துணி, ஒரு சுவரை ஒட்டி புத்தக அலமாரி அல்லது மெத்தை. செலவு கிடையாது.

ஸ்பீக்கரை மூலையில் தள்ளி வைக்காதீர்கள். மூலையில் வைத்தால் கீழ்ச்சத்தம் மட்டும் உப்பி "கும் கும்" என்று கேட்கும். இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் நாற்காலியும் முக்கோணமாக, மூன்று பக்கமும் சமமாக இருக்க வேண்டும். ஸ்பீக்கர் உங்கள் காது உயரத்தில் இருக்க வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் திருப்தி இல்லை என்றால் சாப்ட்வேருக்கு வரலாம். "ஆடாசிட்டி" என்ற சாப்ட்வேர் இலவசமாகவே கிடைக்கிறது. இரைச்சல் நீக்குவது, கீழ்ச்சத்தம் மேல்சத்தம் கூட்டிக் குறைப்பது, எதிரொலி சேர்ப்பது எல்லாம் அதிலேயே உண்டு.

ஹெட்போனில் கேட்பவர்களுக்கு வேறு ஒரு சங்கடம். மேடை எதிரே இருக்காது. மண்டைக்குள் இருக்கும்! இரண்டு காதுக்கும் சத்தத்தை நேரக் கணக்குப் பார்த்துப் பிரித்து அனுப்பி, மேடையை எதிரே தள்ளி வைக்கும் சாப்ட்வேர்களும் வந்துள்ளன. சினிமா தியேட்டரில் தலைக்கு மேல் இருந்தும் சத்தம் வரும் டால்பி அட்மாஸ் முறை, தமிழுக்கு 2012-ல் "சிவாஜி" 3டி படத்தோடு வந்தது. அதே முறையின் சுருக்கப் பதிப்பு இப்போது செல்போனுக்குள்ளேயே இருக்கிறது.

தொப்பி எங்கே?

செல்போன் ஸ்பீக்கரில் மிருதங்கம் கேட்டால் வலந்தலை மட்டும் "டிக் டிக்" என்று கேட்கும். இடது பக்கத் தொப்பியின் "தொம்" காணாமல் போய்விடும். தவில் என்றால் கேட்கவே வேண்டாம்.

நகத்தளவு ஸ்பீக்கரால் கீழ்ச்சத்தத்துக்குத் தேவையான காற்றைத் தள்ள முடியாது. அதுதான் காரணம்.

இங்கே சாப்ட்வேர் ஒரு கண்கட்டு வித்தை, இல்லை, காதுகட்டு வித்தை காட்டுகிறது. அடிச் சத்தத்தை விட்டுவிட்டு, அதன் மேல் எழும் கிளைச் சத்தங்களை மட்டும் கூட்டிக் கொடுக்கும். "கிளை இருந்தால் அடிமரமும் இருக்கும்" என்று மூளை தானே நிரப்பிக்கொள்ளும். இல்லாத "தொம்" கேட்கும்!

இந்தக் கிளைச் சத்தங்களின் அழகை ஆராய்ந்து சொன்னவர் நம்ம ஊர் சர் சி.வி.ராமன்தான். மிருதங்கத்தின் வலந்தலையில் கரணை பூசுவது வெறும் சம்பிரதாயம் அல்ல, சாதாரண மேளத்தில் தாறுமாறாக வரும் கிளைச் சத்தங்களை அது ஸ்வர ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது என்று 1920-லும் 1934-லும் கட்டுரை எழுதினார். கம்ப்யூட்டர் இப்போது செய்யும் கணக்கை, மேளம் செய்பவர்கள் கைப்பழக்கத்தில் எப்போதோ முடித்துவிட்டார்கள்.

தம்புரா கொலை!

இனி எச்சரிக்கை.

பல வீடுகளில் பழைய கேசட்டு இருக்கும். தாத்தா பாடியது, ஊர்த் திருவிழா நாதசுரம், கல்யாணக் கச்சேரி. ஓட விட்டால் "ஸ்ஸ்ஸ்" என்று ஒரு இரைச்சல், "ம்ம்ம்" என்று ஒரு கரண்டு சத்தம். இதை நீக்கலாம் என்று ஆசைப்பட்டு சாப்ட்வேரில் போடுகிறார்கள். அங்கேதான் கொலை நடக்கிறது. கொலையாவது தம்புரா!

எப்படி?

இரைச்சல் நீக்கும் சாப்ட்வேருக்கு சங்கீதம் தெரியாது. ஒரே மாதிரி விடாமல் வந்துகொண்டே இருப்பது எல்லாம் அதற்கு இரைச்சல்தான். தம்புராவும் விடாமல் வருகிறது. பட்டனை முழுக்கத் திருப்பினால் இரைச்சலோடு தம்புராவும் போய்விடும். ரசிகர்களின் கைதட்டலும் அதற்கு இரைச்சல்தான். அதுவும் கரைந்துவிடும்.

கரண்டு சத்தமும் லேசுப்பட்டது அல்ல. நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை துடிக்கிறது. அதனால் "ம்ம்ம்" சத்தம் 50, 100, 150 என்ற இடங்களில் வரும். ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் பாடகரின் தம்புராவில் பஞ்சமத் தந்தி துடிப்பது 98-ல்! 100-ஐ வெட்டப் போனால் 98-ம் சேர்ந்து காயம்படும். கொஞ்சம் கை தவறினால் பஞ்சமம் அவுட்.

எதிரொலிப் பட்டனிலும் இதே கதைதான். பேச்சு புரிய ஒரு வினாடிக்கு மேல் எதிரொலி வேண்டாம். மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தில் விரல் வேகமாக விழும்போது 2 வினாடி எதிரொலி போட்டால், சொற்கட்டு எல்லாம் ஒன்றன் மேல் ஒன்று ஏறி கூழ் ஆகிவிடும். வாத்தியக்காரர் பாடுபட்டு வாசித்தது வீண்.

மீட்டதா? செய்ததா?

இப்போது வந்திருக்கும் செயற்கை நுண்ணறிவு சாப்ட்வேர், ஒட்டிக் கிடக்கும் சத்தங்களைப் பிரித்தும் கொடுக்கிறது.

ஆங்கிலப் பாடகர் ஜான் லெனன் 1970-களின் கடைசியில் வீட்டில் பியானோ வாசித்துக்கொண்டே பாடி கேசட்டில் பிடித்த பாட்டு ஒன்று இருந்தது. பியானோ சத்தம் குரலை மூடிவிட்டதால் பல வருஷம் பயன்படாமல் கிடந்தது. கம்ப்யூட்டர் உதவியால் குரலை மட்டும் தனியே உரித்து எடுத்தார்கள். 2023 நவம்பரில் பீட்டில்ஸ் குழுவின் "நவ் அண்ட் தென்" பாட்டாக வெளிவந்தது. 2025-ல் கிராமி பரிசும் வாங்கியது. அதில் கேட்பது லெனனின் சொந்தக் குரல். மீட்டு எடுத்தது.

2024-ல் வந்த "லால் சலாம்" படத்துக்கு ரகுமான் வேறு விதமாகச் செய்தார். மறைந்த பாடகர்கள் சாகுல் அமீது, பம்பா பாக்யா இருவரின் குரலையும் செயற்கை நுண்ணறிவு மூலம் உருவாக்கினார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, அதற்கான பணமும் கொடுத்ததாக அவரே தெரிவித்தார். இதில் அவர்கள் அந்தப் பாட்டைப் பாடவே இல்லை. இது புதிதாகச் செய்தது.

மீட்டது வேறு, செய்தது வேறு. உங்கள் கேசட்டிலும் இந்த வித்தியாசம் முக்கியம். பதிவில் மங்கலாக இருப்பதை சாப்ட்வேர் தெளிவாக்கலாம். பதிவிலேயே இல்லாத கமகத்தை அது கொண்டுவராது. கொண்டுவந்தது போல் கேட்டால், அது பாடகர் போட்டது அல்ல, கம்ப்யூட்டர் போட்டது.

பக்கத்து வீடு

வீட்டைக் கச்சேரி மண்டபம் ஆக்குகிறவர்கள் சட்டத்தையும் தெரிந்துகொள்வது நல்லது.

மத்திய அரசின் 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் அளவு. கடைத்தெரு என்றால் பகல் 65, இரவு 55. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரைதான் இரவு. சொந்த வீட்டு சவுண்டு சிஸ்டமாக இருந்தாலும், உங்கள் எல்லையில் அந்த அளவுக்கு மேல் 5 டெசிபலைத் தாண்டக் கூடாது. சத்தம் அந்தப் பகுதிக்கான அளவைவிட 10 டெசிபல் அல்லது அதற்கு மேல் கூடினால் புகார் கொடுக்க இடம் உண்டு.

மலையில் ராத்திரி அமைதி அதிகம். பட்டணத்தில் எடுபடாத சத்தம் மலையில் அடுத்த தெரு வரை போகும். "அண்ணே, புள்ளைக்குப் பரீட்சை. கொஞ்சம் குறைச்சு வையுங்க" என்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து கேட்கும் முன்னால், நாமே குறைத்துவிடுவது மரியாதை.

காது ஜாக்கிரதை

கச்சேரி "எபெக்ட்" என்றால் சத்தம் அதிகம் வைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். 100 டெசிபல் என்றால் வாரம் முழுவதற்கும் சேர்த்தே சுமார் 20 நிமிடம்தான். 3 டெசிபல் கூடினால் கேட்கும் நேரம் பாதியாகக் குறைகிறது.

பஸ்சில் என்ஜின் சத்தத்தை அமுக்க ஹெட்போனில் சத்தம் கூட்டுகிறோம். தினமும் போக வர இரண்டு மணி நேரம். கணக்குப் பார்த்தால் காதின் ரேஷன் வாரத்தின் பாதியிலேயே தீர்ந்துவிடும். போன காது திரும்பி வராது. அதற்குச் சாப்ட்வேர் கிடையாது.

நாமே பதிவு செய்யலாமா? நேரில் கேட்கும் கச்சேரியைத் தன் சொந்த உபயோகத்துக்கு மட்டும் பதிவு செய்வது கலைஞரின் உரிமையை மீறுவது ஆகாது என்று காப்புரிமைச் சட்டம் 39-வது பிரிவு சொல்கிறது. ஆனால் அதை விற்பது, ஊருக்கு எல்லாம் பரப்புவது வேறு விஷயம். சபா நிர்வாகம் "பதிவு செய்யாதே" என்று போர்டு வைத்திருந்தால் அதையும் மதிக்க வேண்டும்.

கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

கடைசியாக ஒன்று. இதுதான் முக்கியம்.

பழைய கேசட்டை கம்ப்யூட்டரில் ஏற்றும்போது, முதலில் உள்ளது உள்ளபடி, இரைச்சலோடு ஒரு பிரதி எடுத்து வையுங்கள். எம்.பி.3-யாக வேண்டாம். அது இடத்தை மிச்சப்படுத்த சத்தத்தில் ஒரு பகுதியை வெட்டி எறிந்துவிடும். "வேவ்" முறையில், 24 பிட் தரத்தில் எடுங்கள். ஒலிக் காப்பகங்கள் கடைப்பிடிக்கும் முறை அதுதான். அதில் கை வைக்காமல், வேறு ஒரு பிரதியில் உங்கள் சித்து வேலையைச் செய்யுங்கள்.

பிறகு கேசட்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இன்றைக்கு இருக்கும் சாப்ட்வேர் தம்புராவைக் கொல்கிறது. நாளைக்கு வருவது காப்பாற்றலாம். லெனன் குரல் கேசட்டிலேயே காத்திருந்ததால்தானே பிறகு மீண்டது? மூலம் இருந்தால்தான் மீட்க முடியும்.

ஓரி கேட்ட கச்சேரிக்கு மூலம் இல்லை. வாத்தியப் பட்டியல் இருக்கிறது. பதலையை மெல்லத் தட்டு என்ற உத்தரவு இருக்கிறது. கொல்லிமலையும் அங்கேயே இருக்கிறது. நாளைக்கே பலூன் வெடித்து மலையின் கைரேகையைப் பிடிக்கலாம். ஆனால் அதற்குள் போட வேண்டிய பாட்டு இல்லை. உலகத்தில் எந்தச் சாப்ட்வேராலும் அதைக் கொண்டுவர முடியாது.

அதே வன்பரணர் புறநானூறு 153-ல் இன்னொரு சேதியும் சொல்கிறார். ஓரி கொடுத்த பரிசும் விருந்தும் அதிகமாகிப் போய், பாணர்கள் ஆடவும் இல்லையாம், பாட்டையே மறந்துவிட்டார்களாம்!

ஸ்பீக்கர், ஹெட்போன், சாப்ட்வேர் என்று வாங்கி அடுக்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது. பரணில் கிடக்கும் கேசட்டை முதலில் இறக்குங்கள். தூசி தட்டுங்கள். தாத்தா குரல் அதில்தான் இருக்கிறது.